பதினேழாம் பக்கம்

"சிவப்பு விளக்கு மூணு தடவை மின்னினா என்னங்க அர்த்தம்?"

"கூடவே ஒரு புத்தகம் குடுத்திருப்போமே சார். பதினேழாம் பக்கம் பாருங்க."

"பார்த்தேன். 'சேவை மையத்தை அழைக்கவும்'னு போட்டிருக்கு. அதான் அழைச்சேன்."

சலவை இயந்திரக் கம்பெனியின் சேவை மையத்தில் பன்னிரண்டு வருடங்களாக ஃபோன் எடுக்கும் அந்தப் பெண்மணி, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள்.

"தண்ணி வெளியே போகலைன்னு அர்த்தம். கீழே இடது பக்க மூடியைத் திறந்து, வடிகட்டியைக் கழுவுங்க."

"என் இடதா, மெஷினோட இடதா?"

"உங்க இடது. புத்தகத்துல வலதுன்னு இருக்கும். மாடலை மாத்தி ரெண்டு வருஷமாச்சு. புத்தகத்துக்கு யாரும் தகவல் சொல்லலை."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன். அஞ்சு மணிக்குள்ள முடிக்கலைன்னா முதலாளி என்னை வேலையை விட்டுத் தூக்கிடுவாரு."

ஏதோ விடுதியில் துணி துவைக்கிறவன் போலிருக்கிறது. அவளுக்கு மனம் இளகியது.

"கழுவியாச்சா?"

"ஆச்சுன்னு வெச்சுக்குங்க. மஞ்சள் விளக்கு எரிஞ்சா?"

"கதவு சரியாச் சாத்தலை."

"ரெண்டும் சேர்ந்து எரிஞ்சா?"

"தம்பி, உங்க மெஷின்ல மொத்தம் எத்தனை கோளாறு?"

"எத்தனை உண்டோ அத்தனையும்."

சரக்கு வாங்கிவிட்டுக் கொசுறுக்கு நிற்கிறவன் போல, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் இன்னொன்று கேட்டான். நாற்பது நிமிடத்தில் இருபத்திரண்டு கோளாறுகள் தீர்ந்தன.

"விளம்பரத்துல ஏழு கிலோ துணி போடலாம்ங்கறாங்க, புத்தகத்துல ஆறு. எது நிஜம்?"

"ரெண்டும் இல்லை. அஞ்சரைக்கு மேல போட்டா மெஷின் நடந்து வாசலுக்கு வந்துடும். அந்தப் புத்தகத்தை எழுதின புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சான்னா, உள்ளே போட்டு ஒரு சுத்து விடுவேன்."

"அவன் அஞ்சரைக்கு மேல இருப்பானேங்க" என்றது குரல், சிரிக்காமல்.

அப்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அவள் தலைக்கு மேல் ஒருமுறை, ஹெட்போனுக்குள் ஒருமுறை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தம்பி, எங்கேருந்து பேசறீங்க?"

"இதே கட்டடம்தான், மூணாவது மாடி. மெஷின் விவரம் கேட்டு வடிவமைப்புப் பிரிவுக்கு ஆறு கடிதம் போட்டேன், ரகசியம்னு பதில் வந்துது. விற்பனைப் பிரிவு விளம்பர நோட்டீசை அனுப்பி வெச்சுது. வெளியாள் மாதிரி உங்க நம்பருக்குப் பேசினாத்தான் இந்தக் கம்பெனியில எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குது."

"அப்போ உங்க மெஷின்?"

"மெஷினை நான் இன்னும் கண்ணாலகூடப் பார்த்ததில்லை அக்கா. புதுப் புத்தகம் அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகுது. என்னை உள்ளே போட்டுச் சுத்து விடறதை மட்டும் அதுக்கப்புறம் வெச்சுக்கலாமா?"