மண் இறங்க ஓர் உருண்டை

“மாத்திரை தின்னவ போய்ச் சேந்துட்டா. தின்னாத நான் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன். இதுக்கு மேல என்னம்மா சொல்லணும்?”

காத்தவராயன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். நர்ஸ் பானுமதி அவர் தோளைப் பிடித்து மறுபடி ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

“முந்தாநாள் கம்பெனியில சுருண்டு விழுந்தது யாரு பெரியவரே, நானா? பிரஷரு இருநூறைத் தொடுது. தினம் ஒரு மாத்திரை போட்டே ஆவணும்.”

அறுபத்தாறு வயதிலும் பீங்கான் கம்பெனிச் சூளையில் சாமான் அடுக்குகிற மனிதர். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இன்றைக்குத்தான். அதுவும் வேப்பூரிலிருந்து மகள் வாசுகி முதல் பஸ் பிடித்து வந்து, இழுக்காத குறையாக அழைத்து வந்ததால்.

“எப்பா, அம்மா போயி ரெண்டு மாசந்தான் ஆவுது,” என்றாள் வாசுகி. குரல் உடைந்தது. “நீயும் போயிட்டீன்னா நான் அம்மா வூடுன்னு எங்க வந்து நிப்பேன்? எனக்காக ஒரு மாத்திரை முழுங்கக் கூடாதா?”

“உங்கம்மா முழுங்கலியா? மூணு வருஷம், மாசம் தவறாம இங்க வந்து லைன்ல நின்னா. என்னாச்சு? கொல்லையில துணி அலசிக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுதாம்! அப்புறம் எதுக்கு இந்த மாத்திரை, மண்ணாங்கட்டி?”

வாசுகி கொண்டுவந்திருந்த அம்மாவின் பழைய நோட்டைப் பானுமதி எடுத்துப் புரட்டினாள். பெரியநாயகி, வயது 60. முதல் தேதி 2004, கடைசித் தேதி 2007. நடுவில் எல்லாம் பானுமதியின் கையெழுத்துதான்.

“அதான் எனக்கும் புரியல. நூத்தித் தொண்ணூறு, நூத்தித் தொண்ணூத்தஞ்சு... ஒரு மாசங்கூட எறங்கல. மாத்திரை ஒழுங்கா போடறீங்களான்னு நானே எத்தனையோ தடவ கத்தியிருக்கேன். சிரிச்சுக்கிட்டே நிக்கும். எல்லாருக்கும் கேக்கற மாத்திரை அந்தம்மாவுக்கு மட்டும் கேக்கல.”

“பாத்தியா!” என்றார் காத்தவராயன் மகளிடம். வாய்தான் ஜெயித்தது. கண் கலங்கிவிட்டது.

“கம்பெனிக்கு டாக்டருங்க வந்து குடும்பத்தோட பாத்தப்பவே ரெண்டு பேருக்கும் பிரஷருன்னு சொன்னாங்க சிஸ்டர்,” என்றாள் வாசுகி. “ இவரு சீட்டக் கிழிச்சுச் சூளையில போட்டாரு. ஆம்பளைக்கு என்ன மாத்திரைன்னு வீம்பு. அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பாத்துச்சு. கடைசியில அது மட்டுந்தான் இங்க வந்துச்சு.”

“எனக்குப் பிரஷரே இல்லங்கறேன். இது மண்ணு. கம்பெனித் தூசி தொண்டையில நின்னு தலைக்கு ஏறுது. வெல்லம் தின்னா எறங்கிடும். சூளைக்குப் போறவன் எல்லாரும் திங்கறதுதான்.”

“சரி, வெல்லம் தின்னீங்களா?”

“முன்னல்லாம் கட்டியா வாங்கிக் கடிச்சுப்பேன். அப்புறம் அவளே சுண்டைக்கா அளவுக்கு உருட்டி டப்பாவுல போட்டு வெப்பா. தினம் காலையில ஒண்ணு, கையில வெச்சுட்டுப் பக்கத்துலயே நிப்பா. கடிக்கக் கூடாது, தண்ணிய ஊத்தி முழுங்கணும், அப்பத்தான் மண்ணு எறங்கும்பா. அவ போனப்புறம் டப்பாவுல இருந்தது அஞ்சு நாளைக்கு ஓடுச்சு. அதுக்கப்புறந்தான் இந்தத் தலைசுத்தல்.”

“கடை வெல்லம் இல்லியாப்பா?”

“தின்னு பாத்தேன். கேக்கல. அவ கை மாதிரி வரல.”

வாசுகிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

காத்தவராயன் பதறிப்போனார். “ஏ, அழுவாத. அழுவாதடி, நாலு பேரு பாக்கறாங்க. குடுங்கம்மா அந்தக் கருமத்த, முழுங்கித் தொலைக்கிறேன். அப்புறம் பழமலைநாதரு சாமி வுட்ட வழி.”

பானுமதி அட்டையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையைப் பிதுக்கி அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தாள். வாசுகி அவசரமாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

அவர் மாத்திரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையால் சட்டைப்பையைத் துழாவி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே காய்ந்து கறுத்த வெல்ல உருண்டை ஒன்று.

“டப்பாவுல கடைசியா இருந்தது. திங்க மனசு வரல. இதோட சேத்துப் போட்டுக்கறேன். அவ பக்கத்துல நின்னு குடுக்கற மாதிரி இருக்கும்.”

பானுமதி தலையாட்டினாள்.

வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார். முழுசாக விழுங்கிவிட்டால் அவள் கைப்பட உருட்டியது இனி ஒன்றும் மிச்சமில்லை. பாதி போதும், பாதி இருக்கட்டும் என்று உருண்டையைக் கடித்தார். மூன்று வருடத்தில் அவர் அதைக் கடித்தது அதுவே முதல் தடவை.

நறுக்கென்றது. நாக்கு கசந்தது.

கையில் துப்பிப் பார்த்தார். வெல்லத்துக்கு நடுவே இரண்டாக உடைந்து கிடந்தது, இடது கையில் நர்ஸ் வைத்த அதே வெள்ளை மாத்திரை.

வாசுகி பார்த்தாள். பானுமதி பார்த்தாள். மேஜைமேல் பெரியநாயகியின் நோட்டு திறந்தபடியே கிடந்தது.

“அப்ப... இத்தன வருஷமா அவ எதத் தின்னாம்மா?” என்று கேட்டார் காத்தவராயன்.