ஜெரால்டு, ஒன்பதாம் எண்

முதல் அறை காதோடு சேர்த்து விழுந்தது. கையிலிருந்த சோற்று டப்பா உருண்டு லேத் மெஷினுக்கு அடியில் போனது.

இரண்டாவது அறைக்கு முன் அவன் எழுந்துவிட்டான்.

மூன்றாவதாக விழுந்தது அறை அல்ல, குத்து. உதடு கிழிந்தது.

அடித்தவர் அருள்தாஸ். பதினோரு வருடமாகப் பக்கத்து மெஷினில் நிற்பவர். யாரையும் அதட்டிக்கூடப் பேசாத மனிதர்.

பட்டறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தார்கள்.

விளையாட்டுதான்.

அங்கே எட்டுப் பேர் போனில் ஆளுக்கொரு கால்பந்துக் கிளப் வைத்திருந்தார்கள். இல்லாத கிளப்புகள், இல்லாத வீரர்கள். பெயரை அவரவரே வைத்துக்கொள்ளலாம். எப்படி ஆட வேண்டும் என்று காலையில் சொல்லிவிட்டால் போதும். மதியம் ஒரு மணிக்கு ஆட்டம் தானாக நடந்து, முடிவு வந்துவிடும்.

அருள்தாஸின் கிளப் பனைமரத்தொட்டி ராயல்ஸ். அதன் ஒன்பதாம் எண், ஜெரால்டு.

ஜெரால்டு அவருடைய மகன். பந்தும் கையுமாக மைதானத்துக்குப் போனவனைத் தண்ணீர் லாரி அடித்து மூன்று வருடம் ஆகிறது. போனில் மட்டும் அவன் ஒரு சீசன் விடாமல் கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

அதில் ஏழு கோல், இப்போது அடி வாங்கிக்கொண்டிருக்கும் இவன் கிளப்புக்கு எதிராக. ஏழாவதுக்குப் பிறகு பட்டறையே இவனை ஓட்டித் தீர்த்தது. இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

இன்று காலை, போனில் 'முரட்டு ஆட்டம்' என்பதைத் தொட்டான். எதிரணியில் யாரைக் குறிவைக்க வேண்டும் என்று கேட்டது. ஒன்பதைத் தொட்டான்.

ரெண்டு வாரம் படுக்கட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். சத்தியமாக.

அடுத்த குத்து விலாவில். மூச்சு நின்று, திரும்பி வந்தது.

அருள்தாஸ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து மெஷினில் மோதவைத்தார். அங்கே குவிந்திருந்த இரும்புச் சுருள் முதுகைக் கீறியது. பிறகு வயிற்றில் முழங்கால். அவன் சரிந்து உட்கார்ந்தான். மறுபடி தூக்கி நிறுத்தி அடித்தார்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ரெண்டு பேர் இழுத்துப் பார்த்தார்கள், உதறிவிட்டார். ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "போயும் போயும் ஒரு கேமுக்காண்ணே?" என்றான். அவனுக்கும் ஒன்று விழுந்தது.

இவன் கை ஓங்கவில்லை. முப்பது வயது உடம்பு, ஒரே தள்ளில் அவரைச் சாய்த்திருக்கலாம். மனசு வரவில்லை. வலித்தது. வலிக்க வலிக்க ஏதோ குறைகிற மாதிரியும் இருந்தது.

கை ஓய்ந்ததும் அருள்தாஸ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஜெரால்டு. கால் முறிவு. இனி ஆட முடியாது. அணியிலிருந்து பெயர் நீக்கப்படும்.

அதற்குக் கீழே ஒரே ஒரு பட்டன். 'சரி'.

'வேண்டாம்' என்று ஒன்று கிடையாது.

"நீயே அமுக்குடா," என்றார். "என்னால முடியாது."

குரலில் கோபம் வடிந்துபோயிருந்தது. அதைத்தான் இவனால் தாங்க முடியவில்லை.

விரலை நீட்டினான். கண்ணாடிக்கு ஒரு நூல் இடைவெளியில் விரல் நின்றுவிட்டது. உதட்டு ரத்தம் முகவாய் வழியாகச் சட்டையில் சொட்டியது.

"அண்ணே," என்றான். "இன்னும் நாலு அடி அடிண்ணே."

அருள்தாஸ் அடிக்கவில்லை. போனை நீட்டியபடியே நின்றார்.