கெர்சன் பாடம்

1994 மார்ச்சில் ஜெனின் விசிட் விசாவில் பஹ்ரைன் வந்து, குதைபியா பகுதியில் அக்கா கணவர் பர்னபாஸின் வீட்டில் தங்கினான். பர்னபாஸ் அங்கே ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர்.

“அத்தான், நாளைக்கு ஒரு ஸ்கூல்ல டிராயிங் டெமோ கிளாஸ். எதைப் பத்தி எடுக்கட்டும்?”

“எந்த ஸ்கூல் மாப்ளே?”

“வேலை கிடைச்ச பொறவு சொல்லுதேன். கண்ணு பட்டிரும்.”

பர்னபாஸ் சிரித்துவிட்டு, வருடாவருடம் தான் ஆசையோடு நடத்தும் பாடத்தையே சொல்லிக்கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போலந்தின் வார்சா நகரில் ஓவியம் வரைந்து, பிறருக்கும் கற்றுக்கொடுத்த கெர்சனைப் பற்றிய பாடம் அது. அவரிடம் படித்த சிலர் அவரைவிடப் பெரிய பெயர் வாங்கினார்கள்.

“அவருக்குப் பொறாமையா இருந்திருக்காதா அத்தான்?”

“பொறாமைப்பட்டா அவன் என்னலே வாத்தியான்? நம்மகிட்ட படிச்சவன் நம்மளத் தாண்டிப் போணும்.”

படங்களைக் கொடுத்ததோடு, தன் டையையும் அவனுக்குக் கட்டிப் பார்த்தார்.

மறுநாள் இரண்டாவது பீரியடுக்குப் போன பர்னபாஸ் தன் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசி பெஞ்சில் முதல்வர் உட்கார்ந்திருந்தார். கரும்பலகைக்கு முன்னால், அவருடைய டையைக் கட்டிக்கொண்டு, கெர்சனுக்குப் பொறாமையே கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான் ஜெனின்.

அந்தப் பள்ளியில் ஓவிய ஆசிரியருக்கு இருந்தது ஒரே ஒரு விசா. மாதக் கடைசியில் அது ஜெனின் பெயருக்கு மாறியது.