ஐந்தாவது படம்

“அந்தக் கடைசிப் படத்தைத் தூக்கிடுங்க சார். அது செத்த எலி.”

“லீவு கேளு, எலி கடிச்சுதுன்னு அழு, என்ன வேணா பண்ணு. சாரோட படத்தை மட்டும் தூக்கச் சொல்லாதே.” ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்றே அங்கே மூத்தவளான டோரீன் அக்கா இளவேனிலுக்குச் சொல்லிவைத்திருந்தாள்.

இப்போது அதையே கேட்டாயிற்று.

பேராசிரியர் சந்திரசேகரன் நிமிரவில்லை. மேஜை விளக்கின் கீழே ஐந்து படங்கள். ஒரே எலி, வாரத்துக்கு ஒன்று.

புற்றுக்கட்டியைத் தேடிப்போய்க் குடியேறுகிற பாக்டீரியா. அதற்கு ஒளிரும் குணத்தையும் ஏற்றி எலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். இருட்டுப் பெட்டிக்குள் கிடத்திக் காமிராவில் பிடித்தால் கட்டி இருக்கும் இடம் மட்டும் மின்னும். கட்டி கரையக் கரைய அந்த வெளிச்சமும் சுருங்க வேண்டும்.

நாலு படங்களில் அது சுருங்கவே இல்லை. ஐந்தாவதில் சுத்தமாக இருட்டு.

பார்க்கிறவர்கள் குணமாகிவிட்டது என்பார்கள். மயக்க மருந்தில் கிடக்கிற எலியும் செத்த எலியும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தவள் இளவேனில். கையில் சில்லென்று இருந்தது. மூச்சு நின்றால் அந்த வெளிச்சமும் நின்றுவிடும்.

அவள் படியேறி வந்த வேகத்தைப் பார்த்து, கீழே காரில் காத்திருந்த சாரின் மனைவி வேதநாயகி மேடம் சிரித்திருந்தார். “சாரோட சண்டையா? போ போ, என் பங்குக்கும் ரெண்டு போடு. வீட்டுலயும் பத்து நாளா மனுஷன் உம்முன்னு இருக்கார்.”

“தூக்கிட்டேம்மா,” என்றார் சார்.

கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். நாளைய கூட்டத்தில் காட்டப்போவது நாலு படங்கள்தான். நாலாவதின் கீழே, எலி இறந்துவிட்டது என்று அவரே எழுதியிருந்தார்.

சுமந்துவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

“அப்புறம் இது எதுக்கு சார் மேஜையில?”

அவர் ஐந்தாவது படத்தை எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெறும் இருட்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.



தங்கவயலில் இளவேனிலின் அப்பா இப்படித்தான் பிடிப்பார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும், தன் நெஞ்சு எக்ஸ்ரேவை ஜன்னலுக்கு நேரே. நேற்றுப் பார்த்த கறை இன்றைக்குக் குறைந்திருக்கும் என்பதுபோல. சுரங்கத்துத் தூசு அது. அம்மாவிடம் சளி என்றுதான் சொல்லிவைத்திருந்தார். அந்த வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜுக்குப் போன மகளுக்கும் அப்போது விளங்கவில்லை.

படம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பழுப்பு உறை தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் போட்டுக் கொடுக்கிற பெரிய உறை. பெயரை அவள் தலைகீழாகவே படித்தாள்.

சந்திரசேகரன். வயது ஐம்பத்தி நாலு.

“மேடத்துக்குத் தெரியுமா சார்?”

“வேணாம்மா. அவ தாங்க மாட்டா. நீயும் போய்…”

அப்பாவை எடுத்த அன்று, வந்தவர்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். சளியில யாராவது சாவாங்களா?

சார் பேசி முடிக்கும்வரை அவள் நிற்கவில்லை.

படியிறங்கினாள். பஸ் ஸ்டாப் கேட்டைத் தாண்டி இடது பக்கம். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வேதநாயகி மேடம் பக்கத்து சீட்டில் இருந்த பையைப் பின்னால் தள்ளிவிட்டு, எட்டிக் கதவைத் திறந்தார்.

“என்னடி, ரெண்டு போட்டியா?”