முட்டை டைமர்

கட்டிலில் மல்லாந்து கிடக்கிற கணவரின் கால் அரையடி உயரத்தில் வெடவெடக்கிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொன்ன பயிற்சி. நெற்றி வியர்வையில் ஜன்னல் வெயில் மினுங்குகிறது. பக்கத்தில் அவள் ஆற அமர டீயை ஊதிக் குடிக்கிறாள். மடியில் முட்டை வடிவ டைமர் டிக்டிக்கென்று ஓடுகிறது. பாத்திரம் கழுவ, துணி மடிக்க என்று இத்தனை வருடம் அவளுக்கு அவர் திருகிவைத்த அதே டைமர். மணி அடிப்பதற்குள் முடிக்காவிட்டால், கழுவியதையே மறுபடி கழுவ வைப்பார்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?"

"மணி அடிக்கும், பொறுங்க."

மணி அடிக்க ஒரு மூச்சு நேரமே இருக்கையில் கால் பொத்தென்று விழுகிறது.

"அவசரப்பட்டுட்டீங்களே," என்கிறாள், அவருடைய அதே நிதானக் குரலில். "முதல்லேருந்து."

டீயைக் கீழே வைத்துவிட்டு டைமரைத் திருகுகிறாள், இந்த முறை கொஞ்சம் தாராளமாகவே.