மறிக்க ஆளில்லாத வாசல்

எங்கள் சந்தில் இரண்டு கல்யாண மேளங்கள் எதிரெதிரே வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. பெண்ணும் பெண்ணும் கட்டிக்கொள்ளலாம் என்று பாங்காக்கில் புதுச் சட்டம் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை ஊர்வலமாக யார் வருவது என்பதைத்தான் எழுதவில்லை போலிருக்கிறது. கட்டிக்கொள்ளப்போகிற வஸனா, டுவாங்ஜை இரண்டு பெண்களின் வீட்டாரும் தாங்கள்தான் மாப்பிள்ளை வீடு என்று பலகாரத் தட்டோடு கிளம்பிவிட்டார்கள். வழக்கப்படி மாப்பிள்ளையை வாசலில் சங்கிலியோ இடுப்புப் பட்டையோ பிடித்து மறித்து, கேலி பேசி உள்ளே விட வேண்டிய பெண் வீட்டார் ஒருவர்கூட இல்லை. “ரெண்டு மாப்பிள்ளைக்கு நான் எங்கடி போய்ப் பொண்ணு தேட?” என்கிறேன். சந்தே சிரிக்கிறது. டுவாங்ஜை மட்டும் தன் வீட்டு ஜன்னலையே பார்க்கிறாள். பதினோரு வருஷமாக வஸனாவைப் படியேற விடாத அப்பா, ஊர்வலத்துக்கும் வராமல் உள்ளேதான் இருக்கிறார்.

கதவு திறக்கிறது. டுவாங்ஜையின் அப்பா பிரசெர்ட் மாமா இடுப்பு பெல்ட்டை உருவிக்கொண்டே வருகிறார். மேளம் நின்றுபோகிறது. பெல்ட்டின் ஒரு முனையை என் கையில் திணித்து, மறுமுனையைப் பிடித்துத் தன் வாசலை மறிக்கிறார்.

“என்னம்மா வஸனா, சும்மா கூட்டிட்டுப் போயிடலாம்னு பாத்தியா? எம் பொண்ணு குறட்டை விடுவா, தெரியுமில்ல?”

“பதினோரு வருஷமாத் தெரியும், மாமா!”

மாமாவின் காது சிவக்கிறது. ஒரு கையில் பெல்ட், மறு கையில் நழுவும் கால்சட்டை. “சரி சரி, சீக்கிரம் உள்ள வந்து தொலைங்க!”