சிறைக்காட்சி

மகளின் சான்றிதழ் வாங்கப் பல்கலைக்கழகம் வந்த செண்பகவல்லிக்கு வரிசையில் நிற்கவே முடியவில்லை. கால்கள் அரங்கத்துக்கு இழுத்துப் போயின. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் அங்கேதான் சிறைப்பட்ட அரசியாக நடித்தாள். அன்று எழுந்த கைதட்டலைப் போல் அதற்குப் பிறகு எதுவும் அவளை உலுக்கியதில்லை.

மேடையில் ஏறி அங்குமிங்கும் நடந்தாள்.

கீழே பெருக்கிக்கொண்டிருந்த பெண், “யாரும்மா? என்ன வேணும்?” என்றாள்.

“படிக்கிறப்ப இங்க நடிச்சேங்க. அந்த வசனத்த ஒரே ஒரு தடவ பேசிப் பாத்துட்டுப் போயிடறேன்.”

அந்தப் பெண் துடைப்பத்தை வைத்துவிட்டு முன்நாற்காலியில் உட்கார்ந்தாள். “பேசுங்க, கேக்கறேன்.”

செண்பகவல்லி பேசினாள். குரல் மெல்ல மெல்ல உயர்ந்தது. பாதியில் வசனம் மறந்துபோனது. இறங்கத் திரும்பினாள்.

“அய்யோ, அப்புறம் அந்தப் பொம்பள வெளிய வந்தாளா இல்லையா?”

செண்பகவல்லி நின்றாள். மீதியைத் தன் சொந்த வார்த்தைகளில் பேசத் தொடங்கினாள்.